கற்பூரத்துக்கு ஒரு மரம் உண்டு

தைப்பூசத்தை ஒட்டி, கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டுவிட்டால், அது பத்துமலை போய்ச் சேரும்வரை வழி நெடுகச் சூடம் எரியும். தேங்காய் உடைக்கும் குடும்பங்கள், அர்ச்சனைத் தட்டை நீட்டும் கைகள், விடிய விடியப் புகை. அந்த வாரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் பூஜைச் சாமான் கடைகளிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் சூடப் பொட்டலங்கள் வாசல்வரை அடுக்கிக் கிடக்கும். வாங்குகிறவர்கள் விலை கேட்பார்கள், எடை கேட்பார்கள். அது எந்த மரத்தில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பயனில்லை. அந்த வெள்ளைக் கட்டி மரத்தில் விளைந்ததே அல்ல.

ஆனால் அதன் பெயருக்கு உரிய மரம் இருக்கிறது. அதுவும் எங்கோ அல்ல. நெரிசல் இல்லாத நாளில் பத்துமலையிலிருந்து காரில் கிளம்பினால் அரை மணிக்குள் போய்விடக்கூடிய கெப்போங்கில், மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் காட்டில் அது வரிசையாக நிற்கிறது. ரவாங் போகும் வழியில் உள்ள கஞ்சிங் காட்டில் யாரும் நடாமல் தானாகவே வளர்ந்து நிற்கிறது. தமிழ்ப் புலவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாசனையை மட்டும் அறிந்து பாடிய மரம் இது. அவர்கள் பார்க்காத மரத்தைப் பார்க்கும் வாய்ப்பு கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களுக்கு இருக்கிறது. அந்த வாய்ப்பு இருப்பது தெரியாமலே மூன்று நான்கு தலைமுறை போய்விட்டது.

மலாய்க்காரர்கள் அதைக் கபூர் என்பார்கள். தாவரவியலார் வைத்த பெயர் டிரையோபலானோப்ஸ் அரோமாட்டிகா. வீடு கட்டும் மலேசியத் தமிழர்களுக்குப் பழக்கமான மெராந்தி, செங்கால், கெருயிங் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண்டு முழுவதும் பச்சை மாறாது. நேராக ஓங்கி, 60 மீட்டரையும் தாண்டும். காய்க்கு ஐந்து இறகுகள். மரத்தைவிட்டுப் பிரிந்ததும் சுழன்றுகொண்டே இறங்கும். இலையைக் கசக்கினால் வாசம் கிளம்பும்.

கெப்போங்குக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் பலர் இந்த மரத்தடியில் தலையை அண்ணாந்துகொண்டுதான் படம் எடுக்கிறார்கள். உச்சியில் ஒரு மரத்தின் தழை அடுத்த மரத்தின் தழையைத் தொடுவதில்லை. சுற்றிலும் ஒரு முழ அளவு இடைவெளி விட்டு நின்றுகொள்கின்றன. கீழிருந்து பார்த்தால் வறண்ட குளத்து வண்டல் வெடித்துக் கிடப்பது போல வானம் கோடு கோடாகத் தெரியும். காற்றில் கிளைகள் உரசி நுனி முறிவதால் இப்படி ஆகிறது என்று முதலில் நினைத்தார்கள். இதே கபூர் மரங்களை ஆராய்ந்து 1977இல் எழுதிய மலேசியத் தாவரவியலாளர் ஃபிரான்சிஸ் இங், உரசலுக்கான தடயம் இல்லை என்றார். அண்டை மரத்தின் நிழல் நெருங்கும்போது குருத்து தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்பது அவர் கருத்து. இத்தனைக்கும் கெப்போங் காடு ஆதிகாலத்துக் காடு அல்ல. கைவிடப்பட்ட ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்த நிலத்தில் 1920களிலிருந்து மனிதர் நட்டு வளர்த்தது. 2025இல் அந்த வனப் பூங்கா யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் செய்தி வெளியான நாளிலாவது 'இதுதான் நம் கற்பூர மரம்' என்று ஒரு வரி பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

கற்பூரம் இந்த மரத்தின் பாலும் அல்ல, பட்டையும் அல்ல. முதிர்ந்த மரத்தின் உட்புற வெடிப்புகளில் அது வெள்ளைப் படிகமாக உறைந்திருக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. வெட்டிச் சாய்த்துப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். பல மரங்களைச் சாய்த்தும் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. விலை ஏறியதற்கு அதுதான் காரணம். சுமத்ராவின் ஃபன்சூர் கற்பூரம் எடைக்கு எடை பொன் பெறும் என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதியது மிகையாக இருக்கலாம். ஆனால் அவர் காலத்துக்கு முன்பே தமிழ் வணிகர்கள் அந்தக் கரையில் தளம் போட்டிருந்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற ஊர். அதன் அருகே லோபு துவாவில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் 1892இலேயே அதைப் பற்றி எழுதினார். நீலகண்ட சாஸ்திரி 1932இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். சக ஆண்டு 1010, அதாவது பொது ஆண்டு 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 'வாரோசு' என்ற இடத்தில் கூடி, கப்பலில் வருகிறவர்கள் பொன்னாகக் கட்ட வேண்டிய தொகையை முடிவு செய்தது பற்றிப் பேசுகிறது அந்தக் கல். இப்போது ஜக்கார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாரோசு என்பது பாருஸ்தான்.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தின் ஊர்காண் காதையில், கீழ்க்காற்றின் துணையோடு மரக்கலங்கள் கொண்டுவந்து இறக்கிய சரக்குகளின் வரிசை வருகிறது. அகில், பட்டு, சந்தனம், வாசப் பொருள்கள், அவற்றோடு கருப்பூரம். அந்த இடத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் ஒவ்வொரு சரக்குக்கும் அதன் வகைகளை நீளமாக அடுக்குகிறார். உரையாசிரியர் என்பதைவிடச் சந்தைக்குப் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தவர் போலத்தான் அந்தப் பட்டியல் இருக்கிறது. அவர் சொல்லும் கற்பூர வகைகளில் ஒன்று வாரோசு. இலக்கிய உரையில் வரும் சரக்குப் பெயரும், கடல் கடந்து கிடைத்த கல்லில் வரும் ஊர்ப் பெயரும் ஒன்றாக நிற்கின்றன. தமிழ் இலக்கிய வகுப்பில் இதைவிடச் சுவையான சான்று அரிது. ஆனாலும் பாடம் நடத்தும்போது இது பெரும்பாலும் 'பண்டைத் தமிழரின் கடல் வணிகம்' என்ற ஒரே தலைப்பில் அடங்கி, தேர்வுக் குறிப்பாகிச் சுருங்கிவிடுகிறது.

அந்தக் காலத்தில் கற்பூரத்தைக் கொளுத்துவதைவிடத் தின்றதும் பூசியதும் அதிகம். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் ஐந்து வாசம் என்று பழைய நூல்கள் சொல்பவை தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கற்பூரம், சாதிக்காய். சாதிக்காயும் இலவங்கமும் மலுக்கு, பண்டா தீவுகளின் விளைச்சல். கற்பூரம் சுமத்ரா, மலாய்த் தீபகற்பம், போர்னியோக் காடுகளிலிருந்து வந்தது. தக்கோலம் என்ற பெயரில் இந்தத் தீபகற்பக் கரையில் ஒரு துறைமுகமே இருந்தது. முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டில் கடாரத்தோடு சேர்த்துத் தலைத்தக்கோலமும் பேசப்படுகிறது. தஞ்சையிலும் மதுரையிலும் வெற்றிலை போட்டவர்களின் வாய் மணத்தில் பாதி இந்தக் கடலிலிருந்து போனது. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் வெண்சங்கிடம் கேட்கும் கேள்வி புகழ்பெற்றது: கண்ணனின் வாய்க்குக் கற்பூர மணமா, தாமரை மணமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பூக்கட்டிய பெண் தாமரையைக் குளத்தில் பார்த்திருப்பாள். கற்பூர மரத்தைப் பார்த்திருக்க வழியே இல்லை.

1077இல் சோழ அரசன் அனுப்பிய 72 பேர் கொண்ட தூதுக்குழு சீன அரசவைக்குப் போனபோது எடுத்துச் சென்ற பொருள்களிலும் கற்பூரம் இருந்தது. காடு இங்கே, கலம் அங்கே, வாங்குகிறவர் வேறெங்கோ. இடைத்தரகில் தமிழர் கொழித்தார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்வது எளிது. அந்தப் பெருமைப் பேச்சு இங்கே தேவைக்கு மேலேயே நடக்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, சொல் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்பது.

பழைய தமிழில் கற்பூரத்துக்குப் பளிதம் என்றும் ஒரு பெயர் உண்டு. வழக்கில் வென்றது கற்பூரம்தான். தனித்தமிழ்ப் பற்றாளர்கள் சிலர் அதை வடசொல் என்று ஒதுக்கிச் சூடம் என்றே எழுதுவார்கள். சமஸ்கிருதத்தின் வழியாக வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சமஸ்கிருதச் சொல்லுக்கே வேர் மலாய்க் குடும்ப மொழிகளின் 'கபூர்' என்றுதான் மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். மலாயில் கபூர் என்றால் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் கபூர், கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியும் கபூர். வெள்ளையாகப் பொடியும் பொருளுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அரபியில் அது காஃபூர் ஆயிற்று. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சொர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பதாக வருவது அதுவே. காடு தந்த சரக்கு பெயரையும் சேர்த்தே கப்பல் ஏற்றியது. வடசொல் என்று தள்ளுகிறவர்கள் உண்மையில் ஒரு தென்கிழக்குச் சொல்லைத் தள்ளுகிறார்கள். வகுப்பில் தமிழ்ப் பிள்ளை கையில் பிடிக்கும் 'கபூர் துலிஸ்' என்ற சுண்ணக்கட்டியும், அவன் பாட்டி ஏற்றும் கற்பூரமும் ஒரே சொல்லின் இரண்டு முகங்களாக இருக்கக்கூடும். இதை அவனிடம் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்கலாம். கற்பூர புத்தி என்று நாம் சொல்வது சும்மா இல்லை.

இதற்குள் ஒரு சிக்கலும் உண்டு. கற்பூரம் என்ற ஒரே பெயரில் இரண்டு மரங்கள் ஒளிந்திருக்கின்றன. சீனா, தைவான், ஜப்பானில் வளரும் கற்பூர மரம் இலவங்கப்பட்டையின் உறவு. கபூருக்கும் அதற்கும் குடும்பத் தொடர்பே கிடையாது. அதன் கட்டையைச் சீவி, ஆவியில் வடித்தால் கற்பூரம் கிடைக்கும். மரம் மரமாகப் பிளந்து தேட வேண்டிய அவசியம் இல்லாததால் அது மலிவு. வேதியியலிலும் இரண்டும் ஒன்றல்ல. கபூர் மரத்துப் படிகம் போர்னியோல். சீன மரத்துப் படிகத்தைவிட அதில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் கூடுதல். பழைய வணிகர்கள் அணுவை எண்ணாமலேயே இந்த வேறுபாட்டை அறிந்து இரண்டுக்கும் வேறு வேறு விலை வைத்தார்கள். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே பொட்டலத்தில் கட்டிவிட்டோம்.

பெயர் ஒன்று, மரம் இரண்டு என்ற குழப்பம் ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் இலை உதிர்க்காத ஓக் மரம் ஒன்று உண்டு. ரோமானியர் அதை ஈலெக்ஸ் என்றார்கள். ரோம் நகரத்தைவிட வயதான ஈலெக்ஸ் ஒன்று வத்திக்கானில் நிற்பதாகவும், எட்ருஸ்கன் எழுத்துகளில் வெண்கலப் பட்டயம் அதில் பதித்திருப்பதாகவும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். இதன் இலை சில சமயம் ஹாலி என்ற வேறொரு மரத்தின் முள் இலை போலவே இருக்கும். அதனால் ஆங்கிலேயர் ஹாலியின் பழைய பெயரான 'ஹோம்' என்பதை ஓக்கின் முன்னால் ஒட்டி 'ஹோம் ஓக்' ஆக்கினார்கள். லின்னேயஸ் வந்து ஓக்குக்கு குவெர்கஸ் ஈலெக்ஸ் என்று பெயர் வைத்துவிட்டு, ஹாலி இனம் முழுவதற்கும் ஈலெக்ஸ் என்ற பெயரையே கொடுத்தார். இன்று பழைய லத்தீன் கவிதையில் ஈலெக்ஸ் என்று வந்தால் ஹாலியா ஓக்கா என்று அடிக்குறிப்பு தேட வேண்டியிருக்கிறது.

விவிலியத்தின் தள்ளுபடி ஆகமங்களில் வரும் சூசன்னாவின் கதையே ஒரு மரப் பெயரில்தான் முடிகிறது. அவள்மேல் பொய்ப் பழி சுமத்திய இரண்டு பெரியவர்களைத் தானியேல் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் சொல்வது 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் ஹோம் மரம். பெயர் ஒத்துவராததால் பொய் உடைகிறது. தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்களோ, தமிழ் நிலத்தில் ஓக் இல்லாததால் கர்வாலி மரம் என்றார்கள். தாவீது அரசனின் மகன் அப்சலோமின் தலை சிக்கிக்கொண்டது அந்தக் கர்வாலியில்தான். இதில் இன்னொரு வேடிக்கை: கபூர் மரத்தின் தாவரவியல் பெயரான டிரையோபலானோப்ஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் ஓக்கின் விதை போன்றது என்று பொருள் வரும். ஐரோப்பியர் வந்து பார்த்ததும் அவர்கள் ஊர் மரத்தின் பெயரை இதன்மேல் போர்த்திவிட்டுப் போனார்கள்.

பெயரைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் காத்தவர்களை மறப்பது அநியாயம். காட்டுக்குள் போய்க் கற்பூரம் எடுத்தவர்கள் தமிழ் வணிகரும் அல்ல, சீன வணிகரும் அல்ல. பூர்வகுடி மக்கள். ஜொகூரில் ஜக்குன் மக்கள் கற்பூரம் தேடிப் போகும் நாள்களில் வழக்கமான சொற்களைப் பேச மாட்டார்கள். அதற்கென்றே தனி மொழி வைத்திருந்தார்கள். 'பந்தாங் கபூர்' என்று அதற்குப் பெயர். கபூர் என்ற சொல்லைக் காட்டில் உச்சரித்தால் படிகம் மறைந்துவிடும் என்பது நம்பிக்கை. உணவிலும் விலக்கு உண்டு. லேக், கெல்சால் என்ற இரண்டு ஆங்கிலேயர் அந்தச் சொற்களைத் தொகுத்து 1894இல் ராயல் ஏசியாடிக் சொசைட்டியின் நீரிணைக் கிளை இதழில் வெளியிட்டார்கள். வணிகர் கல்வெட்டு வெட்டினார்கள், புலவர் பாடினார்கள், எடுத்துக் கொடுத்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கற்பூரத்தை வைத்துத் தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

சூடக் கட்டிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செல்லுலாய்ட் செய்யக் கற்பூரம் தேவைப்பட்டது. 1899இல் தைவான் கற்பூரத்தை ஜப்பானிய அரசு தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விலை எகிற, வேதியியலாளர்கள் பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் டர்பன்டைனை வைத்து ஆலையில் கற்பூரம் செய்யக் கற்றார்கள். இன்று கோயில்களில் எரிவது பெரும்பாலும் அதன் வழித்தோன்றல். கரியும் நெடியும் தாங்காமல் கருவறைக்குள் சூடத்தை நிறுத்தி நெய்விளக்குக்கு மாறிய கோயில்கள் உண்டு. நல்ல முடிவு. சடங்கின் பொருள் சுடரில் இருக்கிறது, டர்பன்டைனில் இல்லை.

வாய்க்குள் போகும் கற்பூரம் இன்னும் முற்றாக மறையவில்லை. பெருமாள் கோயில்களில் உள்ளங்கையில் வார்க்கும் தீர்த்தத்தில் துளசியோடு பச்சைக் கற்பூரமும் சேரும். மலேசியாவின் பழைய வைணவத் தலங்களில் ஒன்றான கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நிற்கிறவருக்கு ஆண்டாளின் கேள்வி வெறும் இலக்கியமாகத் தோன்றாது. சிறு புட்டியில் விற்கும் இன்றைய பச்சைக் கற்பூரம் கபூர் மரத்திலிருந்து வந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்தப் பழக்கமே இந்தக் காட்டுச் சரக்கை முன்வைத்துப் பிறந்தது.

இவ்வளவும் இருக்க, மலேசியத் தமிழ்ப் பிள்ளைக்கு இலக்கியத்து மரம் என்றால் வேங்கை, கொன்றை, புன்னை. தமிழ்நாட்டுக்கு ஒருமுறை போய்வந்தால் பார்க்கலாம் என்ற நினைப்பு. 'நம் இலக்கியம் அங்கே, நாம் இங்கே' என்ற மனநிலை ஆசிரியர்களிடமே இருக்கிறது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டுமே நிறைய. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ ஒரு பள்ளிப் பேருந்து காலையில் கிளம்பினால் கெப்போங்கில் மரத்தைப் பார்த்துவிட்டு, பத்துமலையில் மதியம் சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் திரும்பலாம். பத்துமலைக்குப் பள்ளிச் சுற்றுலா போகாதவர்கள் யார்? கெப்போங்கை அதே பயணத்தில் சேர்ப்பதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு ஒன்றும் வேண்டாம்.

இது வரலாற்று உரிமை கோரும் வேலையாகிவிடும் என்று சிலர் தயங்கலாம். தயக்கம் நியாயமானது, இந்த நாட்டில் பழைய கல்வெட்டைத் தொட்டால் அரசியல் வாசனை அடிக்கத் தொடங்கிவிடும். கற்பூரத்தில் அந்தப் பயம் வேண்டியதில்லை. இங்கே கடன் வாங்கியவர்கள் தமிழர்கள். சரக்கும் சொல்லும் இந்த மண்ணிலிருந்து போனவை. அதை மலாய் ஆசிரியரோடு சேர்ந்து நின்றே பாடமாக நடத்தலாம். பூர்வகுடி ஒருவரை அழைத்துவந்து பேசச் சொன்னால் இன்னும் நல்லது.

கோயில் நிர்வாகங்களும் ஒன்று செய்யலாம். சூடம் ஏற்றும் மேடைக்குப் பக்கத்தில் 'புகை பிடிக்காதீர்', 'இங்கே தேங்காய் உடைக்கவும்' என்று பலகை வைக்க இடம் இருக்கிறது. கபூர் மரத்தின் படமும் நான்கு வரியும் கொண்ட ஒரு பலகைக்கு அதைவிட அதிக இடம் ஆகாது. தமிழிலும் மலாயிலும் எழுதினால் பத்துமலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளும் படிப்பார்கள்.

உற்சாகத்தில் கோயில் வாசலிலேயே ஒரு கன்று நட்டுவிடலாம் என்று யாராவது கிளம்பக்கூடும். அது வேண்டாம். ராஜகோபுரத்தைத் தாண்டி வளரும் மரம் அது. மின்கம்பியில் இடித்தால் பத்து வருடத்தில் நகராண்மைக் கழகம் வெட்டிவிட்டுப் போகும். பழைய ரப்பர் தோட்டங்களை ஒட்டி அமைந்த தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றுக்கு இன்னும் திடலும் பின்னால் மேட்டு நிலமும் மிச்சம் இருக்கின்றன. கன்று எங்கே கிடைக்கும், எந்த மண் பிடிக்கும், எவ்வளவு தள்ளி நட வேண்டும் என்று கெப்போங்கில் கேட்டுக்கொண்டு, அந்த மேட்டில் நடலாம்.